பால்மறந்த பிள்ளை

எங்கள் கோயிலில் வாக்குத்தத்த அட்டைகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில்தான் போட்டு வைப்பார்கள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து, கைகுலுக்கல்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு, வரிசையில் போய் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். இரண்டு விரல் அகல அட்டை. ஒரு பக்கம் ரோஜாப்பூ அல்லது சூரிய உதயம், மறுபக்கம் வசனம். வருஷம் முழுக்க அதுதான் கர்த்தர் நமக்குக் கொடுத்த வாக்கு. எடுத்ததைத் திரும்பப் போடக் கூடாது. அடுத்தவரோடு மாற்றிக்கொள்ளவும் கூடாது.

பத்து வயதில் நான் மாற்றியிருக்கிறேன். எனக்கு வந்தது "உபத்திரவத்திலே பொறுமையாயிருங்கள்". தம்பிக்கு வந்தது ஏதோ ஆசீர்வாத வசனம். ஆறு வயசுப் பையனுக்கு ஆசீர்வாதம் எதற்கு என்று அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு என்னுடையதை அவன் சட்டைப் பையில் திணித்தேன். அவனுக்கு அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது. என்னுடைய அட்டையில் கிளி படம் இருந்தது, அதனால் அவனுக்குச் சந்தோஷம்தான்.

இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தம்பி வருவான்.

2011-இல் அந்த டப்பா இருட்டில் வந்தது. தானே புயல் டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. மறுநாள் ராத்திரி ஆராதனை நடக்குமா என்றே யாருக்கும் தெரியாது. மின்சாரம் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. எப்படியோ நாற்பது பேர் வந்திருந்தோம். கோயிலின் ஒரு பக்க ஓடுகள் போயிருந்தன. ஈர மரத்தின் வாசனையும் மெழுகுவர்த்திப் புகையும் கலந்து நின்றன. வழக்கமாகப் பட்டுப்புடவையில் வருகிறவர்கள் எல்லாம் இரண்டு நாளாகக் கட்டியிருந்த நைட்டியின்மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

அட்டையை எடுத்து மெழுகுவர்த்திக்குக் கிட்டே பிடித்தேன். "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." சங்கீதம் 91:10.

எங்கள் கூடாரத்தின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் அடுத்த தெருவில், ஒரு முருங்கை மரத்தின்மேல் கிடந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா, "என்னா வசனம்?" என்றார். "கூடாரத்தை அணுகாதாம்க்கா" என்றேன். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்து முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.

அப்பாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் இரண்டே முக்கால் ஏக்கர் முந்திரி இருந்தது. தாத்தா வைத்த மரங்கள். நாட்டு மரம், பெரிய காய்ப்பு இல்லை, ஆனால் என் படிப்பு, என் கல்யாணம், தம்பியின் டிப்ளமோ எல்லாம் அந்தச் செம்மண்ணிலிருந்து வந்தவை. ரோட்டில் விழுந்த மரங்களை அறுத்து வழி விட்ட பிறகு அப்பாவும் நானும் தம்பியும் அங்கே போனோம். மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்திருந்தன. வேர்கள் மண்ணோடு மேலே வந்து, ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு நின்றது. பூ விடுகிற பருவம். விழுந்த கிளைகளில்கூட அரும்பு இருந்தது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒரு மரத்தண்டின்மேல் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். சாப்பிடும்முன் அவர் செய்கிற ஜெபம் ஒரே வரி: "தந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்." அன்றைக்கும் அதையே சொன்னார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம். கேளுங்களேன்ப்பா, ஏன் என்று ஒரு வார்த்தை அவரிடம் கேளுங்களேன்! நாற்பது வருஷமாகக் காணிக்கை போட்டிருக்கிறீர்கள், அறுப்பின் பண்டிகைக்கு முதல் கூடை முந்திரியை ஏலத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அதையே நீங்களே இரண்டு மடங்கு விலைக்கு ஏலத்தில் எடுத்துமிருக்கிறீர்கள். கணக்குக் கேட்கிற உரிமை உங்களுக்கு இல்லையா? இதெல்லாம் மனசுக்குள்தான். வாயால் சொன்னது, "ஊறுகா வைக்கட்டாப்பா?"

*

அந்த வருஷம் எனக்கு முப்பத்தாறு வயது. பதினைந்தில், சபை முன்னால் விசுவாசத்தை அறிக்கையிடுகிற திடப்படுத்தல் பெற்றவள். ஞாயிறு பள்ளி ஆசிரியை, மாதர் சங்கச் செயலாளர். வெளிப்பிரகாரமாகப் பார்த்தால் விசுவாசத்தில் முற்றிய கதிர். உள்ளே என்ன இருந்தது என்று அந்தத் தோப்பில்தான் எனக்கே தெரிந்தது. கொடுக்கல் வாங்கல் இருந்தது. நான் ஒழுங்காக இருப்பேன், நீர் என் கூரையைப் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் இடையிலான உடன்படிக்கை. அவர் அதில் கையெழுத்துப் போட்டாரா என்று நான் பார்க்கவே இல்லை.

இதற்கு ஏழு வருஷம் முன்னால் நடந்த ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆராதனையில் இருந்தபோதுதான் தேவனாம்பட்டினத்தில் கடல் உள்ளே வந்தது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில் நான் எழுந்து சாட்சி சொன்னேன். "கர்த்தர் எங்கள் வாசலில் நின்று தடுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் எங்கள் வீட்டைத் தொடவில்லை." நன்றாகத்தான் பேசினேன். தமிழ் ஆசிரியை அல்லவா, ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக விழுந்தது. அல்லேலூயா என்றார்கள். கடைசி வரிசையில் ஒரு மீனவப் பெண் உட்கார்ந்திருந்தார். நிவாரணச் சாமான் வாங்க வந்தவர், ஆராதனை முடியட்டும் என்று காத்திருந்தார். அவருக்கு ஒரு பிள்ளை போயிருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னை முறைக்கவும் இல்லை. கூட்டம் முடிந்து அரிசிப் பையை வாங்கிக்கொண்டு போனார். நான் அவருக்குப் பை கட்டிக் கொடுத்தேன், சிரித்த முகத்தோடு. ஏழு வருஷம் அது என் ஞாபகத்திலேயே இல்லை. தோப்பில், அந்த வேர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தது. நம் வாசலில் நின்று தடுத்தவர் அந்த அம்மா வாசலில் ஏன் நிற்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. குழந்தைத்தனமான விசுவாசம் என்றால் ஏதோ வெள்ளந்தியானது, பாவப்பட்டது என்று நினைக்கிறோம். அது எவ்வளவு கொடூரமாக இருக்கும் என்பதை என்னிடம் கேளுங்கள்.

அப்புறம் ஒருநாள் சங்கீதம் 91 பற்றி ஒன்று உறைத்தது. நூறு தடவை படித்ததுதான். மத்தேயு நான்காம் அதிகாரத்தில் பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, தாழக் குதியும் என்கிறானே, அப்போது அவன் எடுத்துக் காட்டுகிற வசனம் எது? இதே 91-ஆம் சங்கீதம். என் அட்டையில் இருந்த வசனத்துக்கு அடுத்த இரண்டு வசனங்கள். தூதர்கள் உம்மைக் கையில் ஏந்துவார்கள், கால் கல்லில் இடறாது. அதாவது உலகத்தில் முதன்முதல் இந்தச் சங்கீதத்தை வாக்குத்தத்த அட்டையாக நீட்டியது யார் என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. இயேசு அந்த அட்டையை வாங்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று உபாகமத்திலிருந்து பதில் சொல்லி அனுப்பிவிட்டார். சங்கீதம் பொய் என்று அவர் சொல்லவில்லை. அதை வைத்து அப்பாவைச் சோதித்துப் பார்க்க மாட்டேன் என்றுதான் சொன்னார்.

அட்டைகளை நான் கிண்டல் செய்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கும் எடுக்கிறேன். பீரோ கண்ணாடியில் செருகியும் வைக்கிறேன்.

*

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம் ஜெபத்தில் ருசியே இல்லை. முழங்கால் போட்டால் கால் வலிப்பது மட்டும்தான் தெரியும். பாட்டில் முன்னெல்லாம் கண் கலங்குகிற இடம் வரும், கண் கலங்காது. கோயிலுக்குப் போவதை நிறுத்தாததற்குக் காரணம் பக்தி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் மாதர் சங்கக் கணக்கு நோட்டு என்னிடம் இருந்தது. ஞாயிறுதோறும் சந்தா வசூலிக்க வேண்டும். சில பேரைத் தேவன் தூதரை அனுப்பித் தாங்குகிறார். என்னைச் சந்தா நோட்டு தாங்கியது.

இந்த வறட்சியைப் பற்றி ஐயரிடம், அதாவது எங்கள் சபைப் போதகரிடம், சொன்னேன். அவர் வயதில் என்னைவிடச் சின்னவர். பிரசங்கம் செய்யாமல், "131 படிங்கம்மா, மூணே வசனம்தான்" என்றார்.

எருசலேமுக்கு ஏறிப் போகிற யாத்திரைக்காரர்கள் பாடிய பதினைந்து ஆரோகண சங்கீதங்களில் ஒன்று அது. இரண்டாம் வசனம்: "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன், என் ஆத்துமா பால்மறந்த குழந்தையைப்போல் இருக்கிறது."

பால்மறந்த. தமிழில் இந்த வார்த்தையைப் போட்டவர்களுக்குக் கும்பிடு போட வேண்டும். பால்குடியை நிறுத்திய பிள்ளை என்று வறட்டுத்தனமாக எழுதியிருக்கலாம். நம் வீடுகளில் அப்படிச் சொல்வதில்லையே. "பிள்ளைக்குப் பால் மறக்கடிச்சிட்டியா?" என்றுதானே கேட்கிறோம்.

என் பையனுக்கு இரண்டு வயது முடிந்தும் பால் மறக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் முந்தானையைப் பிடித்து இழுப்பான். அம்மாதான் வேப்பங்கொழுந்து பறித்து வந்தார். அம்மியில் ஓர் இழுப்பு இழுத்து, பச்சை விழுதாக வழித்து, வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார். "தடவிக்கோ. மூணு ராத்திரி. இளகிடாத." தடவிக்கொண்டேன். மார்பில் ஜில்லென்று இருந்தது. பையன் ஓடிவந்து வாய் வைத்தான். சட்டென்று எடுத்தான். முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. கசப்பு ஒரு பக்கம். நீயா இப்படிச் செய்தாய் என்கிற திகைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. மறுபடி முயற்சி செய்தான். மறுபடி கசந்தது. அப்புறம் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதான். மூன்று ராத்திரியும் அழுதான். நானும் அழுதேன். பால் கட்டிக்கொண்டு எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. இதை எந்தப் பிரசங்கத்திலும் சொல்லி நான் கேட்டதில்லை. பால் மறக்கடிக்கும்போது தாய்க்கும் வலிக்கும்.

நான்காம் நாள் சாயந்திரம் வந்தான். மடியில் ஏறினான். முந்தானையை இழுக்கவில்லை. தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சும்மா கிடந்தான். ஒன்றும் கேட்கவில்லை. அதுவரைக்கும் அவன் மடிக்கு வந்ததெல்லாம் பாலுக்கு. அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்காக வந்தான்.

சங்கீதக்காரன் அந்தப் பிள்ளையைத்தான் சொல்கிறான் என்று எனக்கு முப்பத்தெட்டு வயதில் புரிந்தது. பால் மறந்த பிள்ளை மடியை விட்டு இறங்கிப் போய்விடவில்லை. அங்கேயேதான் இருக்கிறது. ஆபிரகாம்கூட ஈசாக்கு பால்மறந்த நாளில் பெரிய விருந்து வைத்தான் என்று ஆதியாகமம் சொல்கிறது. பிறந்த நாளுக்கு விருந்து வைத்ததாகச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

இந்த இடத்தில் தானே புயல்தான் கர்த்தர் தடவிய வேப்பிலை என்று நான் எழுதிவிட்டால் கதை அழகாக உட்கார்ந்துவிடும். எழுத மாட்டேன். அந்தப் புயலில் உயிர்கள் போயின. என் ஆத்துமாவுக்குப் பாடம் நடத்த ஒருவர் இரண்டு மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்ப்பார் என்றால், அது மறுபடி சுனாமிச் சாட்சியேதான், சட்டையை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறேன். புயல் வங்கக் கடலில் உண்டான காற்றழுத்தத் தாழ்விலிருந்து வந்தது. எனக்குக் கசந்தது அதற்குப் பிறகு வந்த மௌனம். அதைப் பற்றி மட்டும்தான் என்னால் பேச முடியும்.

*

வேதாகமத்தில் இந்த விஷயத்தில் ஓர் இழுபறி இருக்கிறது. பிள்ளைகளைப்போல ஆகாவிட்டால் பரலோகராஜ்யத்தில் பிரவேசிக்க மாட்டீர்கள் என்கிறார் இயேசு. பவுல் வந்து, நான் புருஷனானபோது குழந்தைக்கேற்றவைகளை ஒழித்துவிட்டேன் என்கிறார். எபிரெயர் நிருபமோ பால் குடிக்கிறவர்களைக் கடிந்துகொண்டு, பலமான ஆகாரம் "பூரண வயதுள்ளவர்களுக்கே தகும்" என்கிறது. யார் பேச்சைக் கேட்பது? இதை ஒருமுறை அப்பாவிடமே கேட்டேன். "ரெண்டு பேர் பேச்சையும்தான்" என்றார். அப்பாவிடம் விவாதம் செய்வது சுவரில் பந்தடிப்பது மாதிரி, பந்து அதே வேகத்தில் திரும்பி வரும்.

எனக்குக் கைகொடுத்தது 1 கொரிந்தியர் 14:20. "துர்க்குணத்திலே குழந்தைகளாயும், புத்தியிலோ தேறினவர்களாயுமிருங்கள்." தொழில் புத்தி, "தேறினவர்கள்" என்ற சொல்லில் போய் நின்றுவிட்டேன். பரீட்சையில் தேறினான் என்கிறோம். காய்ச்சலில் கிடந்தவர் உடம்பு தேறிவிட்டார் என்கிறோம். துக்க வீட்டில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்கிறோம். வள்ளுவர் "தேறற்க யாரையும் தேராது" என்னும்போது தேறுதல் என்றால் நம்புதல். ஒரே வேர்ச்சொல்லில் தேர்ச்சி, குணம், ஆறுதல், நம்பிக்கை நான்கும் இருக்கின்றன. தேறு தன்வினை, தேற்று பிறவினை. பரிசுத்த ஆவியானவருக்கு யோவான் சுவிசேஷத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு வைத்த பெயர் தேற்றரவாளன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன்வினை பிறவினை இருபது வருஷம் நடத்தியிருக்கிறேன். நானாகத் தேறுவது வேறு, இன்னொருவர் என்னைத் தேற்றுவது வேறு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவளுக்கு, தன் காரியத்தில் எந்த வினை நடக்கிறது என்று தெரியவில்லை.

எங்கள் லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திடப்படுத்தல் வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த சிறிய ஞானோபதேசம் அவர் 1529-இல் எழுதியது. பத்துக் கட்டளைகளை நாங்கள் கற்பனைகள் என்போம், ஒவ்வொரு கற்பனைக்கும் கீழே "இதற்கு அர்த்தம் என்ன?" என்ற கேள்வி வரும். பதினைந்து வயதில் நாங்கள் அதைப் பகடியாக எல்லாவற்றுக்கும் சொல்வோம். ஐயரம்மா இட்லி வைத்தால், "இதற்கு அர்த்தம் என்ன?" அதே வருஷம் லுத்தர் எழுதிய பெரிய ஞானோபதேசத்தின் முன்னுரையில், தான் வேத பண்டிதர், பிரசங்கியாக இருந்தும் காலைதோறும் கற்பனைகளையும் விசுவாசப்பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் குழந்தையைப்போலச் சொல்வதாகவும், ஞானோபதேசத்தின் மாணவனாகவே இருந்துவிடச் சம்மதம் என்றும் சொல்கிறார். அப்பாவின் ஒருவரி ஜெபம் எனக்கு அப்போதுதான் வேறு மாதிரி கேட்டது.

ஆனால் இதெல்லாம் படிப்பு. படிப்பில் நான் எப்போதும் கெட்டிதான். வினை தம்பி ரூபத்தில் வந்தது.

*

2012 பிப்ரவரியில் தம்பி வந்து என் நகையைக் கேட்டான். விழுந்த மரங்களை விறகுக்கு விற்றதில் நிலத்தைச் சுத்தம் செய்யத்தான் பணம் சரியாக இருந்தது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக் கன்று வைக்க வேண்டும், போர் போட வேண்டும். ஒட்டு மூன்றாம் வருஷமே காய்க்கும், வந்த முதல் காசில் மீட்டுத் தருகிறேன் என்றான். 9 சவரன். ஆரம், இரண்டு வளையல், அம்மா போட்ட நெல்லிக்காய் மாலை. அன்றைக்குச் சவரன் 21,000 ரூபாய் சொச்சம். இன்றைய விலையை நினைத்து வயிறெரிய வேண்டாம் என்று தினமும் தங்கம் விலை சொல்லும் செய்தியை மட்டும் தாண்டிவிடுகிறேன்.

கன்று வைத்தான். போரில் தண்ணீர் சரியாக வரவில்லை. வட்டி கட்டினான், அப்புறம் கட்டவில்லை. அடகுக்கடையிலிருந்து வந்த நோட்டீஸை என்னிடம் காட்டவில்லை. 2014-இல் நகை ஏலத்தில் போனது எனக்கு ஆறு மாதம் கழித்து, அவன் மனைவியின் வாய் தவறித் தெரிந்தது. நகை போனதுகூடப் பிறகு. அந்த ஆறு மாதமும் அவன் என் வீட்டுக்கு வந்து, என் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

சண்டை எல்லாம் போடவில்லை. நாங்கள் கௌரவமான குடும்பம், பேச்சை நிறுத்திக்கொண்டோம். அப்பாவின் அடக்கத்தில்கூட ஆளுக்கொரு பக்கம் நின்றோம். ஐந்து வருஷம் அவன் வீட்டுச் சோற்றில் நான் கைவைக்கவில்லை.

அந்த ஐந்து வருஷமும் மாதத்துக்கொரு முறை, கர்த்தருடைய பந்தியில் அப்பமும் ரசமும் வாங்குகிற இராப்போஜனம் எடுத்தேன். பொதுப் பாவஅறிக்கையில் வாய் அசையும். கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வரும். வேறு பாஷைகளில் இது பாவம், குற்றம் என்று மழுப்பலாக இருக்குமோ என்னவோ, நம் தமிழ் மத்தேயுவில் பச்சையாகக் கடன், கடனாளி. 9 சவரன் கடனாளி. அந்த வரியில் மட்டும் நான் மூச்சு வாங்கிக்கொள்வேன். அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

இதைவிட வெட்கமானது ஒன்று. ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் கார்ல் ஓக்ஸ் பற்றி நான் பேசினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்தவர். சபைக்குள் சாதியை விட்டுவைப்பதா என்ற தகராறில் அந்த மிஷனை விட்டு வெளியேறி, நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்று மிஷனைத் தொடங்கினார். 1860-களில் டென்மார்க் மிஷன் அவரோடு சேர்ந்துகொண்டது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது. "கிறிஸ்துவின் பந்தியில் பக்கத்து இலைக்காரரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, சகோதரிகளே" என்று முடித்தேன். கைதட்டினார்கள். கூட்டத்தில் தம்பி மனைவியும் இருந்தாள். கீழே குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சுனாமிச் சாட்சியை நினைத்துக்கொண்டேன். அதே நான். அதே ஏற்ற இறக்கம். ஒரு வித்தியாசம், இந்த முறை எதிரில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டேன்.

உடனே ஓடிப்போய் ஒப்புரவானேன் என்றால் அது பொய். இன்னும் எட்டு மாதம் ஆனது. மனசு இளகுவதும் இல்லை, கல்லாகவே கிடப்பதும் இல்லை. ஏதோ ஓர் உணர்ச்சி வந்து நம்மைத் தூக்கிக்கொண்டு போய் அவன் வாசலில் இறக்கும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. பால் வராது என்று தெரிந்தும் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

2019-இல் குருத்தோலை ஞாயிறும் சித்திரை முதல் நாளும் ஒன்றாக வந்தன, ஏப்ரல் 14. ஆராதனை முடிந்து குருத்தோலைச் சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டே பண்ருட்டி பஸ் ஏறினேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் வண்டியை எடுப்பார், வழியில் பேச வேண்டியிருக்கும்.

தம்பி வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார்கள். வறுத்த கொட்டைக் குவியலுக்கு இந்தப் பக்கம் அவன் மனைவி, அந்தப் பக்கம் இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்கள். தட்டு, உடை, எடு. தட்டு, உடை, எடு. என்னைப் பார்த்ததும் கட்டை நின்றது. தம்பி உள்ளேயிருந்து வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. எனக்கு முன்னால் அவனுக்கு நரைத்துவிட்டதே என்று தோன்றியது.

"வாக்கா" என்றான். அப்புறம், நான் உட்காரும்முன்பே, "காசு இன்னும் சேரலக்கா" என்றான்.

"காசு கேக்கவா வந்தேன்" என்றேன். கொஞ்சம் காரமாகத்தான் வந்தது. காசு கேட்கிற குரலிலேயே வந்தது.

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் தார்ப்பாயில் உட்கார்ந்து ஒரு கட்டையை எடுத்து நானும் உடைக்க ஆரம்பித்தேன். அவன் மனைவி, "வேணாம்ங்க அண்ணி, கை வெந்துடும், சாம்பலாவது தொட்டுக்கங்க" என்றாள். சின்ன வயதில் பாட்டியோடு உடைத்தவள்தானே, எனக்கா தெரியாது என்று தொட்டுக்கொள்ளவில்லை. மேட்டிமைக் கண்கள் என்று 131-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் சொல்வது இந்த மாதிரிதான் போலிருக்கிறது. இரண்டு மணி நேரம் உடைத்தேன். உடைத்ததில் பாதிக்குமேல் நொறுங்கல். முழுப்பருப்பு விலைக்குப் போகாது. தம்பி அவற்றைத் தனியாகப் பொறுக்கி வைத்துக்கொண்டே வந்தான். ஒருமுறை மட்டும், "நோட்டீஸ் வந்தப்பவே சொல்லியிருக்கணும்க்கா" என்றான். "ஆமா" என்றேன்.

மத்தியானம் சோறு போட்டார்கள். கத்திரிக்காய் குழம்பு, அப்பளம். தம்பி ஜெபம் செய்தான். "தந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்." அப்பாவின் குரல்தான், ஓர் இழுப்புகூட மாறவில்லை. கையைக் கழுவிக்கழுவிப் பார்த்தும் முந்திரித் தோட்டுப் பால் போகாமல், சோற்றில் என் விரல்கள் கருப்பாக இருந்தன.

நகைக் கணக்கு தீரவில்லை. நான் தள்ளுபடி செய்துவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. அவன் அதைக் கேட்கவும் இல்லை. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. கிளம்பும்போது நொறுங்கல் பருப்பு இரண்டு கிலோ ஒரு மஞ்சள் பையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமைக்குள் உள்ளங்கை எரிந்து, தோல் கறுத்துத் தடித்துவிட்டது. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமையும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாள். எனக்கு வாக்குச்சாவடிப் பணி, ஆராதனைக்குப் போக முடியவில்லை. என் கையைப் பார்த்த ஏஜென்ட் ஒருவர், "டீச்சர், விரல்ல மை வைக்கத்தானே சொன்னாங்க, நீங்க கை முழுக்க வச்சுக்கிட்டீங்களா?" என்றார். பூத் மொத்தமும் சிரித்தது.

ஈஸ்டர் அன்று இராப்போஜனம். தோல் உரிய ஆரம்பித்திருந்தது. புடவைத் தலைப்பில் கையை மறைத்துக்கொண்டு போய் முழங்காற்படியிட்டேன். வரிசையில் ஐயர் என்னிடம் வந்தபோது வேறு வழியில்லை, இரண்டு கைகளையும் நீட்டினேன். அப்பத்தை வைக்க வந்தவர் ஒரு கணம் நின்று கையைப் பார்த்தார். அப்புறம் வைத்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் கையைப் பிடிக்காமல், "என்னம்மா இது, அடுப்புல சுட்டுக்கிட்டீங்களா?" என்றார்.

"தம்பி வீட்டு முந்திரிங்க ஐயா" என்றேன்.